வேதனை யாருக்கு, சங்கடம் யாருக்கு?

(மனநலப் பிரிவின் ஆண்டு ஸ்தோத்திர ஆராதனையில், நம் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்றைய தியானத்துக்கு 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். கதை உங்களுக்குத் தெரியும். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலே ஆலயத்தில் நின்று அழுது ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் வரவில்லை. வாசலண்டை ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி, அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்து, இவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டிக் கடிந்துகொள்ளுகிறான். அக்காலத்தில் ஜெபத்தை வாய்விட்டுச் சொல்லுவதே வழக்கம் என்று விளக்கவுரையாளர்கள் சொல்லுவார்கள். ஒருத்தி வழக்கத்துக்கு மாறாக ஜெபித்தாள். வழக்கத்தை நன்றாய் அறிந்த ஆசாரியனுக்கு அவளுடைய உதடு தெரிந்தது, இருதயம் தெரியவில்லை.

இந்தப் பகுதியை எடுக்கும்போதெல்லாம் நாங்கள் அன்னாளின் விசுவாசத்தைப் பற்றியே பிரசங்கித்து வந்தோம். இன்று ஏலியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்த ஆசனத்தில் நாங்களும் உட்கார்ந்திருக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தாய் தம் ஏழு வயது மகனோடு இந்தச் சிற்றாலயத்துக்கு வந்தார். ஒலிபெருக்கியைப் போட்டவுடன் பையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். பாட்டு முடியும்வரை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். ஜெபநேரத்தில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக் கைகளை உதறிச் சத்தமிட்டான். சபையார் திரும்பிப் பார்த்தார்கள். ஆராதனை முடிந்ததும் நாங்கள் அந்தத் தாயை அழைத்து, மிகவும் தன்மையாகத்தான், "பிள்ளையைக் கொஞ்சம் கண்டிச்சு வளர்க்கணும்மா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றோம். அவர் தலைகுனிந்து, "சரிங்க ஐயா" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்குப் பின்னும் வரவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்பதை உணர எங்களுக்கு வெகுகாலம் பிடித்தது. உணர்த்தியவர் எங்களோடு பணிசெய்யும் ஒரு சகோதரி.

அவர் எங்கள் மனநலப் பிரிவில் ஆற்றுப்படுத்துநர். நோயாளர்கள் 'கவுன்சலர் அம்மா' என்பார்கள். அவர் ஆட்டிசம் உடையவர். முப்பது வயதுக்கு மேல்தான் அது கண்டறியப்பட்டது. அவரைப்பற்றி இங்கே பேச அனுமதி தந்திருக்கிறார். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களிடம் முறையீடுகள் வந்தன. எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லுவதில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. அறையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நாங்கள் அவரை அழைத்து, "ஆறுதல் சொல்ற வேலைம்மா இது. முகத்தைப் பார்த்துப் பேசினாத்தானே ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்?" என்று புத்திசொன்னோம். அவர் எங்கள் மேசைமீதிருந்த காகிதங்களைப் பார்த்தபடியே சொன்னார்: "ஐயா, முகத்தைப் பார்த்தா அவங்க சொல்றது எனக்குக் காதுல ஏறாது. காதுல ஏறணும்னா நான் வேற எங்கேயாவது பார்க்கணும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

எங்களிடம் பதில் இல்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு குடும்பத்தார் தங்கள் மகனை அழைத்துவந்தார்கள். வயது இருபத்தெட்டு. கல்யாண வீடுகளுக்கு வருவதில்லை, மூன்று வேளையும் தயிர்சாதமே கேட்கிறான், பஸ் கால அட்டவணைகளை நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறான், பெண் பார்க்கச் சம்மதிப்பதில்லை, எப்படியாவது சரிபண்ணித் தாருங்கள் என்றார்கள். மருத்துவர், செவிலியர், நாங்கள் எல்லாரும் கூடிப் பேசினோம். ஒவ்வொருவரும் ஒரு குறையைச் சொன்னோம். அந்தச் சகோதரி மாத்திரம் ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பட்டியல்ல எதெல்லாம் அவருக்கு வேதனை? எதெல்லாம் நமக்குச் சங்கடம்?"

தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தோம். பட்டியலில் இருந்த அத்தனையும் சங்கடமாகவே இருந்தது. வேதனை என்னவென்று அந்த இளைஞனிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் கேட்டார். வீட்டுக்கு அடுத்த ரைஸ்மில் ஓடும் சத்தத்தில் மாதக்கணக்காக அவனுக்குத் தூக்கமில்லை. அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. மருத்துவர் தூக்கத்துக்கு வழி செய்தார். படுக்கை வீட்டின் பின்கட்டுக்கு மாறியது. பஸ் அட்டவணை நோட்டு அவனிடமே இருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பிரியமானவர்களே, அந்தக் கேள்வியிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நமக்குச் சங்கடமானதை வியாதி என்று எண்ணாதிருப்போமாக.

நம் வீடுகளில் இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளைகளை என்ன பாடுபடுத்தினோம்! கையில் அடித்தோம், சோற்றுக்கையால் எழுது என்றோம். அந்தப் பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை. நம் வழக்கத்துக்கு அது இசையவில்லை, அவ்வளவுதான். இதைவிடக் கொடியதும் நடந்திருக்கிறது. 1851-ம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எஜமானை விட்டு ஓடிப்போவது ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு 'டிராப்டோமேனியா' என்று பெயரும் வைத்தார். தப்பியோட முகாந்தரம் காட்டுகிறவர்களுக்குச் சவுக்கடியை மருந்தாகச் சொன்னார். அவர் தம் வாதத்துக்கு வேதத்தையும் துணைக்கு அழைத்தார் என்பதைப் போதகர்களாகிய நாங்கள் மறக்கக்கூடாது. விடுதலையை நாடிய மனுஷன் நோயாளியானான். அவனைக் கட்டிவைத்தவன் ஆரோக்கியவானானான். சமுதாய வழக்கம் மருத்துவரின் அங்கியைப் போட்டுக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

ஆட்டிசத்தின் சரித்திரத்திலும் இது உண்டு. 1943-ல் பால்டிமோரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது தனி ஒரு நிலையாக விவரிக்கப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் பழி தாய்மார்மேல் விழுந்தது. குளிர்சாதனப் பெட்டியைப்போல் அன்பு குளிர்ந்துபோன தாய்க்குப் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அந்தப் பழியை இன்னும் பரப்பியது. அதற்கு முன்பே, 1964-ல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் இது பிறவியிலேயே அமைந்த சரீரக் காரணமுடையது என்று எழுதியிருந்தார். அவர் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, பரம்பரைக் கூறு இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று காட்டினார்கள். இன்றைய மருத்துவ அறிவியல் தாயின் அன்புக்குறைவைக் காரணம் சொல்லுவதில்லை. ஆனால் இந்தச் சிற்றாலயத்தின் வாசலில் ஒரு தாயிடம் நாங்கள் சொன்னது என்ன? கண்டித்து வளர்க்கவில்லை என்றோம். பழைய பழியைத்தான் தமிழில் சொன்னோம்.

இரண்டாவது, புரியாமை இருபக்கமும் உண்டு என்று ஒத்துக்கொள்வோமாக.

தமிழில் ஆட்டிசத்தை 'மதியிறுக்கம்' என்கிறோம். 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்றும் சொல்லுகிறோம். இதைப்பற்றி அந்தச் சகோதரி சிரித்துக்கொண்டே, "புற உலகம் எனக்குள்ளே வராம இருந்தா நல்லா இருக்குமே ஐயா! டியூப்லைட்டோட முனகல், வராண்டாவுல டிராலிச் சத்தம், பினாயில் வாசனை, எல்லாம் ஒரே நேரத்துல வந்துடுதே" என்றார். வெளியே நின்று பார்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்கவில்லை.

2012-ல் டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கருத்தை முன்வைத்தார். அவரும் ஆட்டிசம் உடையவர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பனும்கூட. ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனதை அறியத் தெரியாது என்று காலமெல்லாம் சொல்லிவந்தோமே, மற்றவர்களுக்கு அவர்கள் மனதை அறியத் தெரிகிறதா என்று கேட்டார். வெவ்வேறு விதமாய் உலகை உணருகிற இருவர் சந்திக்கும்போது உண்டாகும் தடை இருவருக்கும் பொதுவானது. அதை ஒருவர் தலையில் மாத்திரம் சுமத்துவது நியாயமல்ல என்பது அவர் வாதம். இதை 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று சொல்லலாம். வேறு ஊரிலிருந்து நம் வீட்டுக்குச் சம்பந்தம் கலக்கிறவர்கள்கூட நம் வழக்கம் தெரியாமல் தடுமாறுவார்கள். அவர்களுடைய வழக்கம் தெரியாமல் நாமும் தடுமாறுவோம். அதை நோய் என்று யாரும் சொல்லமாட்டோம்.

எங்கள் பிரிவில் தங்கியிருந்து குணமான ஒரு விவசாயப் பெரியவர் வீட்டுக்குப் போகும்போது எங்களிடம் சொன்னார்: "அந்தம்மா மூஞ்சியைப் பார்க்கமாட்டாங்க சாமி. ஆனா மூணு வாரத்துக்கு முன்னால நான் சொன்ன சொல்லை அப்படியே ஞாபகம் வச்சிருந்தாங்க. சிரிச்சிக்கிட்டே கேட்டவங்க எல்லாம் மறந்துட்டாங்க." நம்பிக்கை வராது என்று புத்திசொன்ன எங்களுக்கு அதுவே போதுமான பதிலாயிற்று.

மூன்றாவது, நமக்குச் சங்கடம் தராதவர்களின் வேதனையைத் தேடிப்போவோமாக. இதுவே எங்கள் மனதை அதிகம் வாட்டுகிறது.

பஸ் அட்டவணை எழுதுகிறவனை நாம் கவனிக்கிறோம். எல்லாரோடும் சிரித்துப் பேசி, வேளை தவறாமல் வேலை செய்து, "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவருகிற பெண்ணை யார் கவனிக்கிறோம்? அந்தச் சகோதரியே அப்படித்தான் வளர்ந்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்து, மனதில் எண்ணி, தானும் சிரித்தாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்கவேண்டிய கேள்விகளை மனப்பாடம் செய்துவைத்திருந்தாராம். மாலையில் அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் போய் உட்கார்ந்துகொள்ளுவாராம். "எல்லாரும் என்னை நல்ல பொண்ணுன்னு சொன்னாங்க ஐயா. அந்தப் பேரைக் காப்பாத்த என் உயிரே போயிட்டிருந்தது" என்றார். இதை முகமூடி போடுதல் என்று வல்லுநர்கள் சொல்லுகிறார்கள். அது வெளிவேஷமல்ல, பிழைப்பதற்காகச் செய்கிற பிரயாசம்.

அதற்கு விலை பெரிது. வளர்ந்தபின் ஆஸ்பெர்ஜர் நிலை என்று கண்டறியப்பட்டவர்களிடம் இங்கிலாந்தில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கு 66 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டு என்று சொன்னார்கள். ஆட்டிசம் மனநோய் அல்ல. ஆனால் ஆட்டிசம் உள்ளவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் வரும். அவற்றில் எவ்வளவு பங்கு நாம் அவர்களை நெருக்குவதினால் வருகிறது என்பதை நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய வென் லாசன் என்ற உளவியலாளர் ஆட்டிசம் உடையவர். இளவயதில் அவருக்கு மனச்சிதைவு நோய் என்று தவறாக முடிவுகட்டி, கால் நூற்றாண்டு அளவும் அதற்குரிய சிகிச்சையில் வைத்திருந்தார்கள். 1994-ல், நாற்பது வயதைக் கடந்தபின்தான், ஆட்டிசம் என்று தெரியவந்தது. பிற்பாடு அவர் ஆட்டிசத்தைப்பற்றி அநேக நூல்கள் எழுதினார். ஏலியின் ஒரு வார்த்தை அன்னாளைச் சில நிமிஷமே வருத்தியது. இவருக்கோ இருபத்தைந்து ஆண்டு.

இவ்வளவும் சொல்லுவதால் ஒரு தவறான எண்ணம் உங்களுக்கு வரக்கூடாது. எல்லாம் வெறும் வழக்கத்தின் பிரச்சினை, மருந்தை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. மனநோய் மெய்யானது, மருந்தும் தேவனுடைய ஈவு. வாழ்நாளெல்லாம் பேச்சில்லாமல், ஒரு துணையின் கையைப் பிடித்தே வாழவேண்டிய ஆட்டிசப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய தாய் தகப்பனுக்கு 'எல்லாம் வித்தியாசம்தான், கவலைப்படாதீர்கள்' என்று சொல்லுவது ஆறுதல் ஆகாது. அந்தச் சகோதரியின் கேள்வி இரண்டு பக்கமும் கூர்மையான பட்டயம். வேதனை இல்லாத இடத்தில் சிகிச்சை என்ற பெயரால் நெருக்காதே என்கிறது. வேதனை இருக்கும் இடத்தில், அது எவ்வளவு அமைதியாக இருந்தாலும், கடந்துபோகாதே என்கிறது.

நம்முடைய ஆண்டவர் என்ன செய்தார்? எரிகோவின் வழியருகே பர்திமேயு என்னும் குருடன் கூப்பிட்டபோது, கூட்டத்தார் அவனைச் சும்மாயிரு என்று அதட்டினார்கள். அவன் சத்தம் அவர்களுக்குச் சங்கடமாயிருந்தது. ஆண்டவரோ நின்றார், அவனை வரவழைத்தார், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்; அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் வாயால் சொல்லக் கேட்டார். கேட்பதே கனப்படுத்துவது.

வேலூரில் 1957-ல் தொடங்கிய கிறிஸ்தவ மனநல மையத்தில், நோயாளரோடு குடும்பத்தாரும் வந்து தங்கவேண்டும் என்ற முறையை நம் முன்னோர் ஏற்படுத்தினார்கள். நோயாளரை வீட்டிலிருந்து பிரித்து அடைத்துவைக்காமல், வீட்டையே அழைத்துவந்தார்கள். அவர்களைப் பார்த்தே நாங்களும் இங்கே அந்த முறையைக் கைக்கொண்டோம். இப்போது இன்னொரு படி எடுத்துவைக்கிறோம். குடும்பத்தாரிடம் மட்டுமல்ல, நோயாளரிடமும் முதல் நாளே, "உங்களுக்கு எது வேதனை?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுகிறோம். பேச முடியாதவருக்குப் படங்களைக் காட்டிக் கேட்கிறோம்.

சட்டமும் சிறிது முன்னேறியிருக்கிறது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கின்றன. ஆனால் சட்டத்தால் ஒருவரை ஆலயத்தில் பக்கத்தில் உட்காரவைக்க முடியாது. அதை நாம்தான் செய்யவேண்டும்.

அன்பர்களே, நீங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பங்கைக்கொண்டு வெளிநோயாளர் பிரிவின் பக்கத்தில் ஓர் அமைதி அறை அமைத்திருக்கிறோம். அங்கே டியூப்லைட் இல்லை. மங்கலான பல்புகளே உண்டு. டோக்கன் எண்ணைக் கூவி அழைப்பதில்லை. பணியாளர் வந்து மெதுவாய்ச் சொல்லுவார். தாய்மார் வெட்கமில்லாமல் பிள்ளையோடு காத்திருக்கலாம். இந்தச் சிற்றாலயத்திலும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒலிபெருக்கி இல்லாமல் ஆராதனை நடக்கிறது. ஆடுகிற பிள்ளை ஆடட்டும். எழுந்து நடக்கிற பிள்ளை நடக்கட்டும். ஆரம்பத்தில் சிலருக்கு மனவருத்தமாயிருந்தது. இப்போது அவர்களே பின்வரிசையில் இடம்விட்டு உட்காருகிறார்கள்.

அந்தத் தாயைத் தேடினோம். பழைய பதிவேட்டில் இருந்த முகவரிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். வீடு மாறிப்போனார்கள் என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அந்தப் பையன் இப்போது வாலிபனாயிருப்பான். இந்த உரையை யாராவது அவர்களுக்கு வாசித்துக்காட்டினால், போதகர் ஐயா தவறு செய்ததாக ஒத்துக்கொண்டார் என்று தயவாய்ச் சொல்லுங்கள்.

ஏலியைக் குறித்து முடிவாக ஒரு வார்த்தை. அவன் அவசரப்பட்டான், ஆனால் பிடிவாதக்காரனல்ல. அன்னாள், நான் குடித்தவளல்ல, மனக்கிலேசமுள்ளவள் என்று பதில் சொன்னபோது, வயதும் பதவியும் உள்ள அந்த ஆசாரியன் தன் எண்ணத்தை விட்டுவிட்டான். கடிந்த வாயாலேயே சமாதானம் சொல்லி அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். அவள் போய்ச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் துக்கம் நீங்கிற்று. அன்னாளுக்குக் குழந்தை பிறந்தது பிற்பாடு. முகவாட்டம் நீங்கியது அன்றைக்கே, ஒரு போதகன் அவள் சொல்லைக் கேட்ட அன்றைக்கே. எங்களுக்கும் உங்களுக்கும் அந்தக் கிருபை அருளப்படுவதாக. ஆமென்.

ஜெபக் குறிப்புகள்:

எங்கள் ஆற்றுப்படுத்துநர் சகோதரிக்காகவும், அவரைப்போல் தங்களை மறைத்துக்கொண்டு களைத்துப்போயிருக்கிற யாவருக்காகவும் ஜெபியுங்கள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் பெற்றோருக்காக, விசேஷமாய், தங்கள் காலத்துக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று இரவில் விழித்திருக்கும் தாய்மாருக்காக ஜெபியுங்கள்.

பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஒருவரையும், வீடுகளுக்குச் சென்று சந்திக்கும் ஒருவரையும் நியமிக்க விரும்புகிறோம். தேவன் ஏற்ற நபர்களையும், அவர்களைத் தாங்கும் கரங்களையும் தரும்படி ஜெபியுங்கள்.

உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டாருக்கு, உயிரை வெறுக்கும் எண்ணம் வந்தால், 2022-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் சிற்றாலயக் கதவும் திறந்திருக்கிறது. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசவேண்டும் என்பதில்லை.